இரண்டாவது ஆல்பம்: நாலு குரலும் நாலு ஆளாகக் கேட்க வேண்டும்

கேள்வி சுருக்கமாக இதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த நாலு பெண்கள், பாப் குழு. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒன்பது பாட்டோடு முதல் ஆல்பம் போட்டார்கள். ஒரு பாட்டு ஓரளவு ஓடியது, மற்ற எட்டும் கேட்பாரில்லை. இப்போது கையில் 18,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. தீபாவளிக்கு முன் இரண்டாவது ஆல்பம் வரவேண்டும். எத்தனை பாட்டு, எங்கே பதிவு, பணத்தை எப்படிப் பிரிப்பது, எப்படி மக்கள் காதில் போடுவது?

ஆறு பாட்டு போதும், தங்கச்சி. பிளாக்பிங்க் 2022 செப்டம்பர் 16-ல் இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டபோது அதில் இருந்ததே எட்டுப் பாட்டுதான். அவர்களுக்குப் பின்னால் இருந்த பணத்துக்கு இருபது கூடப் போட்டிருக்கலாம். முதல் ஆல்பத்துக்கு வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த மெட்டுகள் இருக்கும். இரண்டாவதுக்கு அந்த உண்டியல் காலி. ஒன்பது என்று எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டால் நாலு நல்ல பாட்டோடு ஐந்து ஒப்பேற்றல் வரும்.

எண்ணிக்கையைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. பெண்கள் குழு என்றாலே நம் பக்கத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நாலு பேரும் சேர்ந்தே பாடுகிறார்கள். பள்ளி விழாக் குழுப்பாடலில் வந்த பழக்கம் அது. கேட்கிறவருக்கு நாலு பேர் தெரிவதில்லை, ஒரு கூட்டம்தான் தெரிகிறது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 2006-ல் நட்சத்திராவாக 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது, கண்ணை மூடிக் கேட்டாலும் இப்போது வாயைத் திறப்பது யார் என்று தெரிந்தது. ஸ்பைஸ் கேர்ள்ஸ் ஐந்து பேருக்கும் இருந்த ஐந்து செல்லப்பெயரும் அவர்களைத் தனித்தனியாகக் காட்டின. உங்கள் இரண்டாவது ஆல்பத்தில் மெட்டு, கட்டை (சுருதி), மிக்ஸிங், வீடியோ, மேடை என்று எதை முடிவு செய்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நாலு பேரும் தனித்தனியாகத் தெரிகிறார்களா?

முதலில் ஒரு தாளில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக மூன்று ஸ்வரங்களை எழுதுங்கள். தெளிவாக வார்த்தை கேட்கும்படி பாட முடிகிற கடைசித் தாழ்ந்த ஸ்வரம், கத்தாமல் முழுக்குரலில் எட்டுகிற உச்சம், குரல் உடைந்து கள்ளக்குரலுக்குப் போகும் இடம். இந்தத் தாள் இல்லாமல் மெட்டுப் போடச் சொல்லாதீர்கள். இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு இது: இசையமைப்பாளர் ஆண், தன் தொண்டைக்கு வசதியாக 1 கட்டையில் மெட்டுப் போட்டு அனுப்புவார். அதே இடத்தில் பெண்கள் பாடினால் சரணம் அடித்தொண்டையில் அமுங்கும், ஒரு ஸ்தாயி மேலே ஏற்றினால் பல்லவி கீச்சிடும். நடுவே 4-லிருந்து 5½ கட்டைக்குள் எங்கோதான் உங்களுக்கான இடம் இருக்கும். பாட்டுக்குப் பாட்டு அது மாறும். கடைசிப் பல்லவியின் உச்ச ஸ்வரம், அதைப் பாடுபவரின் எல்லைக்கு ஒரு முழு ஸ்வரம் கீழே நிற்க வேண்டும். ஸ்டூடியோவில் எட்டினது ஆடிக்கொண்டே பாடும்போது எட்டாது.

வரிகளைப் பங்கிட நாலு நிறப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 40 வினாடிக்குள் குறைந்தது இரண்டு குரல் தனியாக வந்துவிட வேண்டும். தாழ்ந்த குரல் உள்ளவருக்கு முதல் சரணத்தின் தொடக்கத்தைக் கொடுங்கள், அங்கே இசை மெலிந்திருக்கும், குரலின் நிறம் தெரியும். உச்சம் தொடுபவரைப் பல்லவிக்கு முந்தின நாலு வரிக்கு வையுங்கள். ராப் ஒருவருக்கு என்று ஒதுக்கினால் ஆல்பம் முழுக்க அவருக்கே. சேர்ந்து பாடுவது பல்லவியில் மட்டும் போதும், அங்கேயும் ஒரு குரல் முன்னால் நின்று மற்றவை பின்னால் தாங்க வேண்டும். யாருக்கு எத்தனை வரி என்று சண்டை வரும், வராமல் இருக்காது. ஒரு பாட்டில் சமமாக்கப் பார்க்காதீர்கள், ஆறு பாட்டிலும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பின்குரல் இணைப்பில் தமிழ் மெட்டுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. மென்பொருளில் 'மூன்றாம் ஸ்வரம் மேலே' என்று தட்டினால் ஹார்மனி வந்துவிடும் என்று நினைப்பார்கள். மெட்டு மோகனத்தில் இருக்கிறது என்று வையுங்கள்: ஸ ரி க ப த. ரி-க்கு மேல் ம வந்து நிற்கும், ப-வுக்கு மேல் நி வந்து நிற்கும். இரண்டும் மோகனத்தில் கிடையாது. பாட்டு திடீரென்று வேறு ஊர்ப் பாட்டு மாதிரி ஆகிவிடும், எங்கே கெட்டது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. ராகத்துக்குள்ளேயே ஒரு ஸ்வரம் தாண்டி அடுத்ததைப் பிடியுங்கள்: ஸ-வுக்கு க, ரி-க்கு ப, க-வுக்கு த, ப-வுக்கு மேல் ஸ, த-வுக்கு மேல் ரி. இதில் ஒரே ஒரு ஜோடிதான் மூன்றாம் ஸ்வர இடைவெளி, மற்றது எல்லாம் நான்காம் இடைவெளி. கொஞ்சம் வெற்று ஒலியாகக் கேட்கும். அந்த வெறுமைதான் நம் மெட்டுக்குப் பொருந்தும். கமகம் இருக்கும் வரியில் ஹார்மனியே வேண்டாம். இரண்டு பேர் ஒரே அசைவை ஒரே நேரத்தில் அசைப்பது என்பது ஆறு மாசப் பயிற்சி.

பதிவுக்கு முழுக்க ஸ்டூடியோ எடுத்தால் மணிக்கு இவ்வளவு வாடகை என்ற பதற்றம்தான் உங்களைப் பாட வைக்கும், குரல் பாட வைக்காது. தனிக்குரல் வரிகளை ஈப்போவில் ஸ்டூடியோ எடுத்து இரண்டு நாளில் முடியுங்கள். பல்லவி அடுக்குகளை, அதாவது நாலு பேரும் இரண்டிரண்டு தடவை பாடி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் எட்டுப் பதிவுகளை, வீட்டிலேயே எடுக்கலாம். தோட்டப்புற வீட்டில் எதிரி சிங்க் கூரை. மதியம் மழை இறங்கினால் அன்றைய பதிவு அவ்வளவுதான். இரவு 9-க்கு மேல் 1 மணி வரை வைத்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்டம் குறையும், பக்கத்து வீட்டு டிவி அடங்கும். ஃபேனை நிறுத்துங்கள், ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்ப மாட்ட மறந்து மீன் கெட்டுப்போகாமல் இருக்க, வீட்டுச் சாவியை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டால் திறந்தே ஆகவேண்டும்.

தோத்தோ மெத்தையை மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுவார்கள். வேண்டிய இடம் அது இல்லை. சாதாரணப் பாட்டு மைக் முன்பக்கத்தைத்தான் கேட்கும், முதுகுப் பக்கம் அதற்குக் காது கிடையாது. அது கேட்பது பாடுபவரையும் பாடுபவருக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே தோத்தோ பாடுபவரின் முதுகுக்குப் பின்னால், இரண்டு அடுக்காக, தலைக்கு மேல் ஒரு முழம் உயரமாக. இன்னொன்று மேலே பந்தல் மாதிரி. கண்டென்சர் மைக் வீட்டு இரைச்சலையெல்லாம் அள்ளும். அறை அமைதியாக இல்லையென்றால் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை 5 செ.மீ. நெருக்கத்தில் வைப்பது நல்லது. கண்டென்சர் என்றால் 15 செ.மீ. தூரம், நடுவில் பாப் வடிகட்டி, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். 'ப' காற்று அடிப்பது நன்றாகக் குறையும். பதிவின் அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சச் சத்தம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 24 பிட்டில் மெதுவாகப் பதிந்தது கெடாது, சிவப்பு விளக்கைத் தொட்டது திரும்ப வராது.

அடுக்கு பதியும்போது கவனிக்க வேண்டியது மெய்யெழுத்துகள். 'காற்று', 'கேட்டுட்டேன்', 'வெச்ச' என்று எட்டு அடுக்கிலும் ற்று, ட்டு, ச்ச வந்தால் எட்டும் ஒரே நொடியில் விழாது. சரளைக் கல்லைக் கொட்டினது மாதிரி கேட்கும். முன்குரல் மட்டும் வார்த்தையை முழுசாகச் சொல்லட்டும். அடுக்கில் பாடுபவர்கள் உயிரெழுத்தை மட்டும் இழுத்து, வல்லினத்தை மென்று விழுங்க வேண்டும். 'காற்று' அடுக்கில் 'கா..உ' என்று இருந்தால் போதும், கலந்து கேட்கும்போது காது தானே நிரப்பிக்கொள்ளும். வரியின் முடிவும் அப்படியே: எந்த அடியில் நிறுத்துவது என்று தாளில் எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு எங்கே எடுப்பது என்பதையும் குறியுங்கள். நாலு பேரும் ஒரே இடத்தில் மூச்சு எடுப்பது சின்ன வரிக்கு அழகு, நீளமான இழுப்புக்கு அழகில்லை. அங்கே மாற்றி மாற்றி எடுங்கள்.

ஒவ்வொருவரும் பல்லவியை இரண்டு தடவை பாடினால் எட்டு டிராக். ஒரு ஆளின் இரண்டு டிராக்கையும் இடது வலது என்று எதிரெதிரே விரியுங்கள்: முதலாமவர் 30 விழுக்காடு, அடுத்தவர் 50, பிறகு 70, 90. முன்குரல் நட்ட நடுவில், அடுக்கு அதைவிட 8 முதல் 10 டெசிபல் கீழே. ஒரே டிராக்கைக் காப்பி எடுத்து இடமும் வலமும் போடுவது அடுக்கு ஆகாது. உண்மையில் இரண்டு தடவை பாடியாக வேண்டும்.

சுருதித் திருத்தம் போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, உலகமே போடுகிறது. ஆனால் ஆட்டோடியூனை வேகமாக வைத்தால் கமகத்தை நறுக்கிப் படிக்கட்டு ஆக்கிவிடும். அந்த எந்திரக் குரல் வேண்டுமென்றே வேண்டும் என்றால் ராப் பகுதியில் வையுங்கள். மற்ற இடத்தில் வேகத்தை 25–40 மில்லி வினாடிக்குத் தளர்த்தி, பாட்டின் ஸ்வரங்களை மட்டும் தேர்ந்து கொடுங்கள். அசைவு உள்ள இடங்களைக் கையாலேயே தொட்டுத் திருத்துவது நல்லது. நாலு பேருக்கும் ஒரே அளவில் திருத்தம் போட்டால் நாலு குரலும் ஒரே ஆளாகிவிடும். திரும்பவும் அதே கூட்டம்.

உருமி சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக, ஆனால் ஒரு பாட்டில். ஆறிலும் போட்டால் திருவிழா ஆல்பம் ஆகிவிடும். கணினியில் கிடைக்கும் உருமிச் சத்தத்தை நம்பாதீர்கள். உங்கள் ஊர்க் கோயில்களில் அடிக்கும் கை இருக்கும்போது எதற்கு? இரண்டு மைக் வேண்டும்: வளைகுச்சியால் தேய்க்கும் முகத்துக்கு ஒன்று, அடிக்கும் முகத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 20–25 செ.மீ. தள்ளி. இரண்டும் எதிரெதிர் பார்ப்பதால் ஒன்றையொன்று தின்னும். ஒரு மைக்கின் துருவத்தை (போலாரிட்டி) திருப்பிப் போட்டுப் பாருங்கள், எது கனமாகக் கேட்கிறதோ அதுதான் சரி. கோயில் அடி வேகம் ஏறிக்கொண்டே போகும், அதுதான் அதன் உயிர். பாட்டுக்கு அது ஆகாது. ஒரு காதில் மட்டும் கிளிக் (தாளத் தட்டு) கொடுத்து 16 தட்டு, 16 தட்டாக எடுங்கள்.

மிக்ஸிங்குக்கு அனுப்பும்போது எல்லா டிராக்கும் பாட்டின் 0 வினாடியிலிருந்தே தொடங்க வேண்டும். கோப்பின் பெயரில் பாட்டு, வேகம், கட்டை, ஆள் பெயர் இருக்கட்டும். இரண்டு முறை திருத்தம் இலவசம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். திருத்தம் சொல்வது ஒருவர் மட்டும். நாலு பேரும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் 'என் குரல் கம்மியா இருக்கு' என்று அனுப்பினால் மிக்ஸிங் செய்பவர் நாலையும் ஏற்றிவிடுவார், இசை மூழ்கிவிடும். மாஸ்டரிங் என்ற கடைசிச் சத்தச் சீரமைப்பில் உச்சம் மைனஸ் 1 டெசிபலில் நிற்கட்டும். ஸ்பாட்டிஃபை சத்தத்தை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதில் விழும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன் செய்துவிடும், அதனால் காதைப் பிளக்கும்படி நசுக்கிக் கேட்பதில் லாபம் இல்லை.

பணம். 18,000 வெள்ளியை நான் பிரித்தால் இப்படித்தான் பிரிப்பேன்: ஆறு பாட்டுக்கு இசைக்கோப்பு தலா 700, ஆக 4,200. நேரடி வாத்தியம் 700. குரல் பதிவு 1,300. மிக்ஸிங் தலா 350, ஆக 2,100. மாஸ்டரிங் 600. இதுவரை 8,900, கிட்டத்தட்டப் பாதி. மீதியைப் பதிவுக்காகத் தொடாதீர்கள். ஒரு முழு வீடியோ 3,500, இரண்டு எளிய வீடியோ 1,200, உடையும் புகைப்படமும் 1,300, விளம்பரம் 1,000, போக்குவரத்து 800, அவசரத்துக்கு 1,300. முதல் ஆல்பம் படுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் பாட்டு அல்ல. பாட்டு முடிந்த அன்றே பணமும் முடிந்திருக்கும். குறுந்தட்டு அடித்துக் கட்டி வைக்காதீர்கள். புதுக் கார்களில் அதைப் போடும் ஓட்டையே பெரும்பாலும் இருப்பதில்லை.

ஒப்பந்தக் காகிதம் எழுதாமல் பதிவுக்குப் போகாதீர்கள். டெஸ்டினிஸ் சைல்டின் இரண்டாவது ஆல்பம் வந்தது 1999-ல். அதிலுள்ள ஒரு பாட்டின் வீடியோ அடுத்த வருஷம் வெளியானபோது நாலு பேரில் இரண்டு பேர் மாறியிருந்தார்கள். விலகியவர்கள் வழக்குப் போட்டார்கள். அவ்வளவு பெரிய குழுவுக்கே அந்தக் கதி. உங்களில் ஒருவர் கல்யாணமாகி ஜொகூர் போகலாம், இன்னொருவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்கலாம். குழுவின் பெயர் யாருடையது, போனவரின் குரல் உள்ள பாட்டை மற்றவர்கள் மேடையில் பாடலாமா, அவருக்குப் பங்கு தொடருமா என்று ஒரே பக்கத்தில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். யாருக்காவது 18 வயது ஆகவில்லை என்றால் அவர் கையெழுத்து செல்லாது, பெற்றோர் உட்கார வேண்டும். பெயரை எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) கூட்டு வணிகமாகப் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளி. ஆனால் அது வணிகப் பதிவு மட்டுமே. பெயரை உரிமையாக்குவது மைஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) பதியும் வணிக முத்திரை. கேளிக்கைக்கு 41-ஆம் வகுப்பு, ஒலிப்பதிவுக்கு 9-ஆம் வகுப்பு.

பாட்டில் இரண்டு சொத்து உண்டு: மெட்டும் வரியும் ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று. உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்புகள் மூன்று. மெட்டு, வரி எழுதியவர் எம்ஏசிபியில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிய வேண்டும். பாடியவர்களுக்கு ஆர்பிஎம், பதிவுக்குப் பணம் போட்டவருக்கு பிபிஎம். மூன்றும் வேறு வேறு, ஒன்றில் சேர்ந்தால் மற்றது தானாக வராது. பாட்டு முடிந்த அன்றே யாருக்கு எத்தனை விழுக்காடு என்று தாளில் எழுதிவிடுங்கள். ஆறு மாசம் கழித்துப் பேசினால் எல்லோரும் பல்லவியைத் தானே எழுதியதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

வாடகை பீட் (தயாராகக் கிடைக்கும் பின்னணி இசை) எடுப்பவர்கள் இங்கே அடிபடுகிறார்கள். இணையத்தில் முப்பது டாலருக்குக் கிடைக்கும் பீட் உங்களுக்கு மட்டும் விற்கப்பட்டது அல்ல, அதே பீட்டில் இன்னும் நூறு பேர் பாடியிருப்பார்கள். அதைப் போட்டு, உங்கள் ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானே கண்டுபிடிக்கும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடியில் பதிந்தால் அந்த நூறு பேர் வீடியோ மேலும் உங்கள் பெயரில் உரிமை கோரல் விழும். அவர்கள் திருப்பி அடிப்பார்கள், உங்கள் பாட்டு இறங்கும். ஒன்று தனியுரிமையோடு வாங்குங்கள், அல்லது கன்டென்ட் ஐடிக்கு 'வேண்டாம்' சொல்லுங்கள். சினிமாப் பாட்டின் பல்லவியை நடுவில் ஒட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

வெளியீட்டில் ஒரே நாளில் ஆறையும் கொட்டாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் மெட்டும் வரியும்; மார்ச், ஏப்ரலில் பதிவு; மே மாதம் மிக்ஸிங். முதல் பாட்டு ஜூன் நடுவில், இரண்டாவது ஜூலைக் கடைசியில், முழு ஆல்பம் செப்டம்பர் முதல் பாதியில். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் வானொலியிலும் சந்தையிலும் எல்லோரும் நெருக்கியடிப்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் பாட்டு ஏற்கெனவே காதுக்குப் பழகியிருக்க வேண்டும், புதிதாக வந்து கதவைத் தட்டக் கூடாது.

தனியாக விட்ட பாட்டுக்குக் கொடுத்த ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்குமான அடையாள எண்) எழுத்தும் இலக்கமுமாக 12 கொண்டது. அதையே ஆல்பத்திலும் போடுங்கள். புது எண் விழுந்தால் அதுவரை கேட்கப்பட்ட கணக்கு ஆல்பத்தோடு சேராது. கலைஞர் பெயரின் எழுத்துக்கூட்டலும் முதல் ஆல்பத்தில் இருந்த அதேதான். ஓர் எழுத்து கூடினாலும் உங்கள் இரண்டாவது ஆல்பம் வேறு யாரோ ஒருவர் பக்கத்தில் போய் உட்காரும். ஏற்றும்போது பழைய பக்கத்தின் இணைப்பைக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல். அச்சுக்கான நிறமுறையில் சேமித்த படம் திரும்பி வரும். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு அனுப்ப வேண்டும். நாலு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் வெளியீட்டு நிறுவனங்களில் டிஸ்ட்ரோகிட் போன்றவை ஆண்டுச் சந்தா. கட்ட மறந்தால் பாட்டு இறங்கும். சிடி பேபியில் ஒரு தடவைக் கட்டணம், வருமானத்தில் ஒரு பங்கு போகும். சந்தா கட்டும் பொறுப்பு யாருடையது என்று இன்றே முடிவு செய்யாத குழு சிடி பேபிக்குப் போவதே மேல்.

டிக்டாக்கில் நாலு பேரும் தங்கள் தங்கள் கணக்கில் பாட்டை ஏற்றினால் நாலு 'ஒலி' உருவாகும், எண்ணிக்கை நாலாகச் சிதறும். வெளியீட்டு நிறுவனம் வழியாகப் போன அதிகாரபூர்வ ஒலியை மட்டும் பயன்படுத்துங்கள். அது எந்த வினாடியில் தொடங்க வேண்டும் என்று ஏற்றும்போதே குறிக்கலாம். பல்லவியைத்தான் எல்லோரும் குறிப்பார்கள். பல்லவிக்கு முந்தின இரண்டு வரியிலிருந்து தொடங்கினால் தனிக்குரல் ஒன்று கேட்டு, பிறகு கூட்டம் வெடிக்கும். ஆட்டத்துக்கு அதுதான் வசதி.

வீடியோவைச் செம்பனைத் தோட்டத்தில் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அழகான இடம், பொல்லாத இடம். தனியார் நிலம் என்பதால் நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும், மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) தலையாட்டியது போதாது. டிரோனுக்கு சிஏஏஎம் (மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி தனி. உச்சி வெயிலில் ஓலை நிழல் முகத்தில் புள்ளி புள்ளியாக விழும். காலை 7:30-லிருந்து 10, மாலை 5:30-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டை முள் மெல்லிய துணியைக் கிழிக்கும், செம்மண் வெள்ளை உடையில் ஏறினால் இறங்காது; ஒவ்வொருவருக்கும் மாற்று உடை ஒன்று. ஒலிபெருக்கியை வயரில் இணையுங்கள். புளூடூத்தில் தாமதம் வந்து வாயசைவு தள்ளும். மெதுவாக நடந்து வரும் காட்சியில் வாயசைவும் வேண்டும் என்றால் 50 ஃபிரேமில் எடுத்து 25-ல் ஓட்டுங்கள், எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட வேண்டும். இதற்குப் பாட்டை அந்த வேகத்தில் முன்பே ஏற்றிக்கொண்டு போங்கள், தோட்டத்தில் நின்று செய்ய முடியாது. யாருடைய தனிவரியோ அந்த வரியில் கேமரா அவர் முகத்தில்தான் இருக்க வேண்டும். இதை எடிட்டரிடம் வண்ணப்பேனாத் தாளோடு கொடுத்துவிடுங்கள்.

வானொலிக்கு 3:10-லிருந்து 3:30 நிமிஷம், முன்னிசை 10 வினாடிக்குள். மின்னல் எஃப்எம் அரசு வானொலி, ஆகவே வரிகள் சுத்தமாக இருக்க வேண்டும். டைப் செய்த வரித்தாளைச் சேர்த்தே அனுப்புங்கள். தனியார் வானொலியான ராகாவுக்கு அறிவிப்பாளர் உடனே படிக்கும்படி நாலு வரிக் குறிப்பு, நாலு பேர் பெயரும் தமிழில். ஒரு தடவை அனுப்பி, பத்து நாள் கழித்து ஒரு தடவை நினைவூட்டினால் போதும். மக்கள் ஓசை, மலேசிய நண்பன், தமிழ் மலர் ஞாயிறு பதிப்புகளுக்கு நாலு பேர் முகமும் தெரியும் அகலவாட்டுப் படம், 300 டிபிஐ. செங்குத்துப் படம் மட்டும் அனுப்பினால் ஒருவரை வெட்டிவிடுவார்கள்.

பலர் கண்ணில் படாத வழி ஒன்று தமிழ்ப்பள்ளி. மே 16 ஆசிரியர் தினம், பிறகு விளையாட்டுப் போட்டி, ஆண்டு இறுதிப் பரிசளிப்பு விழா என்று ஆசிரியைகள் வருஷம் முழுக்க ஆட்டத்துக்குப் பாட்டுத் தேடுகிறார்கள். சினிமாப் பாட்டின் வரிகள் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு ஆகாது. ஆறில் ஒன்றையாவது 2:30 நிமிஷத்துக்குச் சுருக்கி, காதல் இல்லாத வரியோடு, குரலில்லாத டிராக்கும் சேர்த்து இலவசமாகக் கொடுங்கள். ஒரு பள்ளியில் முப்பது பிள்ளைகள் ஆடினால் முப்பது வீட்டில் ஒரு மாசம் அதே பாட்டுத்தான் ஓடும். அதே மாதிரி கல்யாண டிஜேக்களுக்கும், பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) பாட்டுப் பெட்டி வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கும்.

வருமானம் மேடையில்தான்: கல்யாண விருந்து, கோயில் திருவிழா, நிறுவன விருந்து. பொது இடத்தில் நீங்களே நிகழ்ச்சி வைத்தால் கோல கங்சார் நகராண்மைக் கழகத்துக்கும் போலீசுக்கும் ஒரு மாசம் முன்பே போங்கள். மேடைக்கு மூன்று டிராக் வேண்டும்: முழுப்பாட்டு, முன்குரல் எடுத்தது, எல்லாக் குரலும் எடுத்தது. நடுவில் உள்ளதுதான் பெரும்பாலும் வேலைக்கு வரும். இரண்டு கருவியில் ஏற்றி வையுங்கள். போனை விமான முறையில் போடுங்கள், பல்லவி நடுவில் யாராவது அழைத்தால் அது ஊருக்கே கேட்கும். வயர்லெஸ் மைக்கின் உருண்டையைக் கையால் பொத்தினால் ஊளையிடும், நடனப் பயிற்சியிலேயே கீழே பிடித்துப் பழகுங்கள். தனிவரிக்கு முந்தின இரண்டு தாளத்தில் அவருக்குத் துள்ளல் அசைவு கொடுக்கக் கூடாது, மூச்சுக்கு அந்த இடம் வேண்டும்.

கோயில் திடல் ஒலிபெருக்கி பெரும்பாலும் மோனோ, இடம் வலம் பிரிக்காத ஒற்றை ஒலி. இடம் வலம் என்று விரித்துவைத்த அடுக்கும், அகலமான சின்த் ஒலிகளும் ஒன்றோடொன்று மோதிக் காணாமல் போகலாம். மிக்ஸிங் முடிந்த அன்றே மோனோ பொத்தானை அழுத்தி, ஒரு மலிவான ஒற்றை ஸ்பீக்கரில் பல்லவியைக் கேளுங்கள். ஏதாவது குரல் மறைந்தால் அந்த ஆளின் இரண்டு டிராக்கையும் நடுப்பக்கமாக 20-க்கு இழுத்து, 2 டெசிபல் ஏற்றி, மேடைக்கென்று தனியாக ஒரு மிக்ஸ் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாஸ்டரிங்குக்கு அனுப்புவதற்கு முன்பே கேட்டால் பெரும்பாலும் கூடுதல் காசு வாங்க மாட்டார்கள்.